குற்றவாளி அகப்பட்ட பிறகு என்ன படிப்பது?

நம்மவரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. துப்பறியும் நாவல் என்ற பெயரைக் கேட்டாலே முகஞ் சுளிப்பவர் ஒரு கட்சி. அதைத் தவிர வேறொன்றையும் தொடுவதில்லை என்று விரதம் பூண்டவர் மற்றொரு கட்சி. முன்னவருள் பண்டிதர்கள், சங்கத் தலைவர்கள், வாசகசாலை நிர்வாகிகள் முதலியோர் அடங்குவர். பின்னவருள் தோட்டத்து இளைஞர்கள், நகரத்துக் கடைச் சிப்பந்திகள், நம்மைப் போன்ற கிராணிமார்கள், வீட்டு வேலை முடித்துப் புத்தகத்தைக் கையிலெடுக்கும் தாய்மார்கள் ஆகிய எல்லோரும் உண்டு. இவ்விரு கட்சியாரும் ஒருவரையொருவர் பகைவரென எண்ணிக்கொண்டிருக்கின்றனர். நாம் கூறுவதோ, இருவரும் சேர்ந்து ஒரே தீங்கைச் செய்கின்றனர் என்பதாகும். முன்னவர் வழியை அடைக்கின்றனர். பின்னவர் வழியிலேயே உட்கார்ந்துவிடுகின்றனர்.

முதலில் முன்னவருக்கு விடை கூறுவோம். துப்பறியும் நாவல் காலத்தைக் கொல்கிறது, சுவையைக் கெடுக்கிறது, கொலையையும் களவையும் கற்பிக்கிறது என்பன அவர்கள் சாட்டும் குற்றங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. ஆர். ரங்கராஜுவும், ஆரணி குப்புசாமி முதலியாரும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்தபோதே இக்குற்றச்சாட்டும் எழுந்துவிட்டது. ஷெர்லக் ஹோம்ஸ் தமிழில் ஆனந்தசிங் என்று பெயர் பூண்டு உலவிய காலம் அது. இலக்கணச் சூத்திரத்தைக் கண்டு ஓடிய எத்தனையோ பேர், அடுத்த அத்தியாயத்தில் என்ன நேர்ந்தது என்று அறியும் ஆவலால் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினர். தமிழனைப் புத்தகம் வாங்கவைத்த பெருமையில் இந்நாவலாசிரியர்களுக்குப் பெரும் பங்குண்டு. அதை மறுப்பது நன்றிகேடாகும்.

அன்றியும், நல்ல துப்பறியும் கதை தன் வாசகனுக்குக் கற்பிப்பது யாது? பெரிய மனிதர் சொல்லிவிட்டார் என்பதற்காக எதையும் நம்பாதே. ஏழை என்பதற்காக ஒருவன்மேல் பழியைப் போடாதே. சாட்சி எங்கே, தடயம் எங்கே, இதனால் இலாபம் அடைந்தவன் யார் என்று கேள். இவையன்றோ அதன் பாடம்? எவர் வாயிலிருந்து வந்தாலும் சொல்லைச் சோதித்துப் பார்ப்பதே அறிவு என்று வள்ளுவர் வகுத்த இலக்கணத்தை நம் இளைஞன் ஒவ்வொரு மாதமும் மலிவு விலைப் புத்தகத்தில் பயின்றுவருகிறான். பகுத்தறிவைப் பற்றி மேடையில் முழங்கும் தலைவர்கள் இப்பயிற்சியை அவன் கையிலிருந்து பிடுங்குவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

இனி, பின்னவரைக் கேட்கிறோம். நண்பர்களே! உங்கள் சந்தேகம் கடைசிப் பக்கத்தோடு ஏன் நின்றுவிடுகிறது? கொலையாளி அகப்பட்டான், கைவிலங்கு பூட்டப்பட்டது, உலகம் சரியாகிவிட்டது, விளக்கை அணைத்துவிட்டு உறங்குகிறீர்கள். அடுத்த மாதம் வேறொரு பிணம், வேறொரு வீடு, அதே துப்பறிவாளர். கதையிலே ஒரு தலைமயிரைக் கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடித்தவர், தம் சம்பளச் சீட்டிலே ஒரு பிடித்தம் ஏன் வந்தது என்று காரியாலயத்தில் கேட்க அஞ்சுகிறார். பயின்ற வித்தையைப் பயன்படுத்தாதவன் அதைப் பயின்றதால் வந்த பயன் என்ன?

ஆகவே மர்ம நாவல் பிரியர் தம் எல்லையைத் தாண்டும்போது எதைப் படிக்கவேண்டும் என்பது அற்பக் கேள்வியன்று. அலுப்புத் தட்டியபோது பேய்க் கதைக்கும் ராசி பலனுக்கும் போவோர் சிலர். கேள்வி கேட்கப் பழகிய மூளையைக் கொண்டுபோய்க் கேள்வி கேட்கக்கூடாத இடத்தில் அடகு வைப்பதாகும் அது. வேறு சிலர் சரித்திர நாவலுக்குப் போகின்றனர். அவர்கள் நல்ல திசையில் கால் வைத்தவர்கள். கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ கதையில், ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பது திட்டமாகக் கூறப்படாமலே விடப்பட்டது. இன்றளவும் வாசகர்கள் அதைப்பற்றி வாதிடுகின்றனர். ஆனால் வாதிடுவோரில் எத்தனை பேர் உடையார்குடிக் கல்வெட்டுவரை சென்றனர்? அக்கொலையில் சம்பந்தப்பட்ட துரோகிகளின் பெயர்களும், அவர்களுடைய உறவினரின் நிலங்கள் கைப்பற்றப்பட்ட செய்தியும் அங்கே கல்லிலே உள்ளன. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மேல் ஐயங்கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இவ்விரு வக்கீல்களின் வாதத்தையும் படிப்பவர், எந்த மர்ம நாவலிலும் கிடைக்காத விருந்தைப் பெறுவார்.

இன்னும் கேளுங்கள். தமிழில் தலைசிறந்த குற்றவழக்கு எது? சிலப்பதிகாரமே என்று துணிந்து கூறுவோம். அரசியின் சிலம்பைத் திருடியவன் ஒருவன். பழி விழுந்தது வெளியூரிலிருந்து பிழைக்க வந்த மற்றொருவன்மேல். இவன் கள்வனைப் போலத் தோன்றவில்லையே என்று காவலர் தயங்கினர். உண்மைத் திருடனாகிய பொற்கொல்லனோ களவுநூல் சாத்திரம் பேசி அவர்கள் வாயை அடைத்தான். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, கொலை மட்டும் நடந்தது. பின்னர் ஒரு பெண் தனியே அரசவைக்கு வந்து தடயப் பொருளை முன்வைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து; இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்தாள், வழக்கு முடிந்தது. அவளை வென்றவளாக்கியது கற்பின் மகிமை என்று நூற்றாண்டுகளாகப் பிரசங்கம் செய்கின்றனர். நாமோ, பாண்டியனைத் தலைகுனியச் செய்தது சிலம்பின் உள்ளே இருந்த பரல் என்கிறோம். இந்நூலைப் பதவுரை, பொழிப்புரை என்று துண்டு துண்டாக்கி இளைஞரின் உறக்கத்துக்கு மருந்தாக்கிய பண்டிதர்களே துப்பறியும் நாவலைத் தூற்றுவதில் முன்நிற்கின்றனர். இது வேடிக்கையிலும் வேடிக்கை!

இனிக் கடல்கடந்த சான்று ஒன்றுக்கு வருவோம். ஆங்கிலப் பள்ளிகளில் பயின்ற நாம், பாடப்புத்தகத்துக்கு அடியில் ஒளித்துவைத்து ஹோம்ஸைப் படித்தவர்கள். ஹோம்ஸ் பிறந்தது 1887இல். அவரைப் படைத்த கானன் டாயில் தம் கதையோடு நின்றவரா? இல்லை. ஜார்ஜ் எதல்ஜி என்ற இளம் வக்கீல், பம்பாயிலிருந்து சென்ற பார்ஸி வமிசத்துப் பாதிரியாரின் மகன். இரவில் வயல்வெளியில் கால்நடைகளைக் கீறிக் கொன்றான் என்று 1903இல் இங்கிலாந்தில் ஏழாண்டுக் கடுஞ்சிறை விதிக்கப்பட்டான். மூன்றாண்டு கழித்து விடுதலையானவனைச் சந்திக்கச் சென்ற டாயில், அவன் பத்திரிகையைக் கண்ணருகே வைத்துப் படிப்பதைக் கண்டார். கண் வைத்தியம் பயின்றவராதலால், இத்தகைய கிட்டப்பார்வையுடையவன் கும்மிருட்டில் வயல்களைத் தாண்டிச் சென்று இக்காரியத்தைச் செய்திருக்க முடியுமா என்று கேட்டார். 1907இல் பத்திரிகையில் எழுதி நாட்டையே விழிக்கச் செய்தார். அவ்வாண்டே எதல்ஜிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. நஷ்டஈடு மட்டும் வழங்கப்படவில்லை. இங்கிலாந்தில் குற்றவழக்குகளுக்கு மேல்முறையீட்டு மன்றம் அமைக்கும் சட்டமும் அதே ஆண்டில் பிறந்தது. அதற்குத் தூண்டுகோலான வழக்குகளில் இதுவும் ஒன்று. நிறம் வேறுபட்ட ஒருவன்மேல் பழி எவ்வளவு எளிதில் ஒட்டிக்கொள்கிறது என்பதை வெளிநாட்டில் வாழும் நமக்கு எவரும் விளக்கவேண்டுவதில்லை.

இதனினும் பெரிய வழக்கொன்றை டாயில் 1909இல் கையிலெடுத்தார். ‘காங்கோவின் குற்றம்’ என்பது அந்நூலின் பெயர். கொலையுண்டவர் பெருந்தொகையினரான ஆப்பிரிக்க மக்கள், குற்றவாளி பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சி, நோக்கம், ரப்பர். ரப்பர் மரத்தடியில் வளர்ந்த நம் மக்கள் இந்நூலின் பெயரையேனும் அறியவேண்டாமா? 1885 முதல் 1908 வரை காங்கோ நாடு அம்மன்னரின் சொந்தச் சொத்தாக இருந்தது. காட்டுக் கொடிகளிலிருந்து பால் எடுத்துவரும்படி கிராமங்களுக்கு அளவு விதிக்கப்பட்டது. அளவு குறைந்த கிராமத்தார்மேல் சிப்பாய்கள் ஏவப்பட்டனர். தோட்டாவை வீணாக்கவில்லை என்று கணக்குக் காட்டுவதற்காக மனிதரின் கைகள் வெட்டிக் கொண்டுவரப்பட்டன.

இக்குற்றத்தைத் துப்பறிந்தவர்களுள் முதன்மையானவர் போலீஸ்காரரல்லர், ஒரு கிராணி! ஆம், லிவர்ப்பூல் கப்பல் கம்பெனியொன்றில் கணக்கு எழுதிய மோரல் என்பவர். காங்கோவுக்கும் ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கும் இடையே சென்ற கப்பல்களின் சரக்குக் கணக்கு அவர் கண்ணில் பட்டது. காங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் மலைமலையாய் வந்திறங்கின. திரும்பிச் சென்ற கப்பல்களிலோ துப்பாக்கிகளும் தோட்டாக்களும் சிப்பாய்களுமே பெரும்பாலும் சென்றன. வாங்கிய பொருளுக்கு விலையாக ஒன்றும் போகவில்லையே! அப்படியாயின் அந்த ரப்பரைச் சேகரித்தவர்களுக்குக் கூலி எது? துப்பாக்கியே கூலி என்று அவர் முடிவுகண்டார். 1901இல் உத்தியோகத்தை விட்டார். எழுதினார், பேசினார். கேஸ்மெண்ட் என்ற பிரிட்டிஷ் தூதர் நேரில் சென்று விசாரித்த அறிக்கை 1904இல் வெளிவந்தது. அவ்வாண்டே சீர்திருத்தச் சங்கம் அமைந்தது. 1908இல் மன்னர் தம் சொத்தை இழந்தார். ஹோம்ஸ் சாம்பலைக் கண்டு சுருட்டைச் சொன்னார்; மோரல் பேரேட்டைக் கண்டு படுகொலையைச் சொன்னார். எவர் பெரிய துப்பறிவாளர்?

நாள்தோறும் செக்ரோல் எழுதும் நாம் இக்கதையைப் படிக்கும்போது நமது பேனா சற்றுக் கனக்கிறது. எண்கள் பேசும், கேட்கக் காது வேண்டும். ஹோம்ஸ் கதைகளைத் தமிழில் தந்தவர் பலர். ஹோம்ஸைப் படைத்தவரின் காங்கோ நூலையும், மோரலின் கதையையும் நம் மக்களுக்குச் சொன்னவர் எத்தனை பேர்? ஆங்கிலம் கற்ற நம் போன்றோர் இக்கடனை அடைக்காமல், ஆங்கில மர்ம நாவல்களைக் கைமாற்றிக்கொண்டு பெருமை பேசுவது வெட்கத்துக்குரியது.

“பொழுதுபோக்குக்குப் படிப்பவன் தலையில் இப்பெருஞ்சுமையை ஏற்றலாமா?” என்று சிலர் கேட்பர். ஏற்றச் சொல்லவில்லை. டாயில் காங்கோவைப் பற்றி எழுதியதற்காக ஹோம்ஸைக் கைவிடவில்லை. 1927 வரை அக்கதைகளை எழுதிவந்தார். மர்ம நாவலை விடுங்கள் என்பதன்று நம் வாதம். அதோடு விட்டுவிடாதீர்கள் என்பதே. வாசகனைக் குழந்தையாகக் கருதுபவரே அவனுக்கு இவை செரிக்காது என்பர். நூறு பக்கங்களில் பத்துப் பேரின் பொய்யைப் பிரித்தறிபவனுக்கு எதுதான் செரிக்காது?

இறுதியாக, நம் வீட்டு வாசலிலேயே கிடக்கும் வழக்கு ஒன்றுண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டனர். அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆசை காட்டியும், பிறகு வலுக்கட்டாயமாகவும் கொண்டுசென்றனர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைத் தின்றன. அங்கே மாண்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. நம்மவர்க்கோ முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. துப்பறியும் நாவலில் செத்தவன் பெயர் தெரியும், கொன்றவன் பெயர் தெரியாது. சயாம் வழக்கில் கொன்றவர் யாரென்று உலகறியும். செத்தவர் பெயர்தான் தெரியாது. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலை எழுதி இவ்வழக்கின் கதவைத் திறந்துவைத்தார். உள்ளே நுழையவேண்டியவர் யார்? கேள்வி கேட்பதில் பயிற்சி பெற்ற மர்ம நாவல் வாசகரன்றி வேறு யார்? அக்காலத்தை நேரில் கண்டவர்கள் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் கேட்ட செய்திகள் இன்னும் அழியவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் நகரங்களுக்குச் சிதறுந்தோறும் இத்தடயங்களும் சிதறிக்கொண்டே இருக்கின்றன. தடயம் அழியும் முன் சென்று சேர்வதே துப்பறிவாளனின் முதற்கடமை என்பதை நீங்கள் நமக்குச் சொல்லித்தர வல்லவர்களாயிற்றே!

வாசகசாலைச் செயலாளர்களே! துப்பறியும் நாவல்களை அலமாரியிலிருந்து நீக்க வேண்டாம். அவற்றின் பக்கத்திலேயே சிலப்பதிகாரத்தின் எளிய பதிப்பொன்றையும், சோழர் சரித்திரத்தையும், சயாம் நாவலையும் வையுங்கள். நாவலைத் திருப்பிக் கொடுக்க வருபவரிடம், “அடுத்து இதைப் படித்துப் பாருங்கள், இதிலும் ஒரு கொலை இருக்கிறது” என்று சொல்லிக் கொடுங்கள். அவர் கட்டாயம் வாங்கிச் செல்வார்.

மர்ம நாவல் அன்பர்களே! ஒரு நாவலுக்கு ஒரு மெய்ந்நூல் என்ற கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்திலிருந்தோ, உங்கள் பழைய தோட்டத்திலிருந்தோ சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் ஒருவரின் பெயரையாவது விசாரித்து ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள். ஆயிரம் கற்பனைக் கொலைகளைத் துப்பறிந்த சமுதாயம், தன் பாட்டன்மாரின் மெய்யான சாவைத் துப்பறியாமல் விட்டது என்ற பழிச்சொல்லை நாளைய தலைமுறைக்கு வைத்துவிட்டுப் போகலாமா? சிந்திப்பீர்களாக.