புகழ்ந்தால் போதுமா?

நம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பாராட்டுக்குப் பஞ்சம் வருவதில்லை. பெருமுதலாளியின் பணமோ பெருவிளம்பரமோ இன்றித் தனித்து நடக்கும் செய்தி ஏடு ஒன்றில், ஆட்சியாளரைத் தட்டிக் கேட்கும் கட்டுரை வந்துவிட்டால் போதும். இரவுச் சாப்பாட்டுக்குள் அது எல்லோர் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்துவிடும். “துணிச்சல் என்றால் இதுவன்றோ!” என்பார் ஒருவர். “இப்படி நாலு பேர் இருந்தால் நாடு உருப்படும்” என்பார் மற்றொருவர். அந்த ஏட்டுக்குச் சந்தா கட்டியவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு உடனே சாம்பாருக்குத் திரும்பிவிடும்!

தோழர்களே! பாராட்ட வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எது பாராட்டு என்பதே என் கேள்வி. அதற்கு விடை காண, அமெரிக்காவில் ஒரு தனிமனிதர் நடத்திய ஏட்டின் வரலாறு உதவும்.

ஐ. எஃப். ஸ்டோன் என்ற செய்தியாளர் வேலை பார்த்த நியூயார்க் நாளேடு 1952-இல் மூடப்பட்டது. செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்டு வேட்டை உச்சத்தில் இருந்த காலம் அது. இடதுசாரி என்று பெயரெடுத்தவருக்கு வேலை தர எவரும் முன்வரவில்லை. 1953 சனவரியில் வாஷிங்டனில், தம் பெயராலேயே நான்கு பக்க வார ஏடு ஒன்றைத் தொடங்கினார். விளம்பரம் கிடையாது. ஆண்டுச் சந்தா 5 டாலர். தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 5,300 பேர். அவர்களுள் ஐன்ஸ்டைனும் ஒருவர்! உலகம் போற்றிய அந்த விஞ்ஞானி, வாயால் வாழ்த்தியதோடு நிற்காமல் சந்தாதாரராகவும் சேர்ந்தார்.

ஸ்டோனுக்குக் காது மந்தம். ஆகவே, பெரிய மனிதர்களின் விருந்துகளில் காதோடு காதாகக் கேட்டுவந்து எழுதும் வழியை அவர் நம்பவில்லை. அரசு அச்சிட்டு வெளியிடும் அறிக்கைகளை வரி விடாமல் படித்தார். ஓர் அறிக்கை மற்றோர் அறிக்கையோடு முரண்படும் இடமே அவருக்குச் செய்தி.

ஒரு சான்று காட்டுகிறேன். 1957 செப்டம்பரில் நெவாடாப் பாலைவனத்தில் அமெரிக்கா நிலத்தடியில் அணுகுண்டு ஒன்றை வெடித்துப் பார்த்தது. 200 மைலுக்கு அப்பால் அந்த அதிர்வு புலப்படவில்லை என்று மறு ஆண்டு அணுசக்தி ஆணையம் அறிவித்தது. இது சிறிய செய்தியன்று. நிலத்தடிச் சோதனையைத் தொலைவிலிருந்து கண்டறிய முடியாதென்றால், சோதனைத் தடை ஒப்பந்தம் செய்தும் பயனில்லை என்ற வாதம் வலுப்பெறும். ஸ்டோனோ, தொலைவான ஊர்களிலும் அதிர்வு பதிவானதாக முன்பே வந்திருந்த சில வரிச் செய்திகளைக் கத்தரித்து வைத்திருந்தார். நில அதிர்வுகளைப் பதிவு செய்யும் அரசுத் துறையையே கேட்டார். 2,300 மைலுக்கு அப்பால் அலாஸ்காவிலுள்ள நிலையத்திலும் அது பதிவாகியிருந்தது தெரிந்தது! ஆணையம் தன் அறிவிப்பைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது.

அறிவியல் மாணவனாகிய எனக்கு இதில் ஒரு பாடம் தெரிகிறது. ஆய்வுக்கூடத்தில் என் அளவீட்டைப் பார்த்து நண்பர் ஒருவர் “நன்று” என்றால் மகிழ்ச்சிதான். அவரே அந்த அளவீட்டைத் தம் கருவியில் மீண்டும் எடுத்துப் பார்த்துச் “சரி” என்றால், அதுவன்றோ மதிப்பு! படிக்காமலே அனுப்பும் பாராட்டுக்கும், சரிபார்த்துச் சொல்லும் பாராட்டுக்கும் உள்ள தொலைவும் இத்தகையதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் எதைப் பாராட்டுகிறோம்? ஏட்டின் நேர்மையையா, அல்லது நம் மனத்தில் இருப்பதை அது எடுத்துச் சொல்வதையா? 1956-இல் ஸ்டோன் சோவியத் நாட்டுக்குச் சென்று வந்தார். அங்குள்ளது நல்ல சமுதாயம் அன்று என்று ஒளிக்காமல் எழுதினார். அதுவரை அவரைப் போற்றிய இடதுசாரி அன்பர்களில் சில நூறு பேர் சந்தாவை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் விரும்பியது சுதந்திர ஏட்டை அன்று; தம் முகம் காட்டும் கண்ணாடியை! ஆயினும் ஏடு சாகவில்லை. உடன்படாத கட்டுரையையும் படித்துவிட்டு உடனிருந்த வாசகர்கள் அதைக் காத்தார்கள். உடல்நலம் இடங்கொடாமல் 1971 முடிவில் அவர் ஏட்டை நிறுத்தியபோது, சுமார் 70,000 பிரதிகள் போய்க்கொண்டிருந்தன.

நம்மையே கேட்டுக்கொள்வோம். பிற மாநிலத்தில் வாழும் நமக்குத் தமிழைப் பற்றிய செய்தி என்றால் நெஞ்சு துடிக்கும், அது இயல்பே. நாம் போற்றும் ஏடு நாளை, தமிழ் பேசும் நம்மவர் செய்த தவறு ஒன்றைச் சான்றோடு வெளியிட்டால் என் செய்வோம்? சான்றைப் பார்ப்போமா, சாபம் கொடுப்போமா? நம் பாராட்டின் தரத்தை அன்றுதான் அளந்து பார்க்க முடியும்.

“மாணவனிடம் பணம் ஏது?” என்பீர்கள். தனி ஒருவரால் ஆகாதுதான். பத்துப் பேர் மாதம் சில தேநீர்க் காசைச் சேர்த்தால் ஓர் ஏட்டுக்கேனும் சந்தா கட்டலாம். நம் சங்கம் இதை ஏற்று நடத்தட்டும். இரண்டு ஏடுகளைத் தேர்ந்தெடுப்போம். ஒன்று நம் கருத்துக்கு இசைந்தது, மற்றொன்று இசையாதது. மாதம் ஒரு மாலை கூடி, ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு மூல ஆவணத்தோடு ஒப்பிடுவோம். நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் தரும் எழுத்து விடைகளும், அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கைகளும் இன்று எவருக்கும் கிடைக்கின்றன. 2005-இல் வந்த தகவல் உரிமைச் சட்டம் வேறு இருக்கிறது. பிழை கண்டால் ஆசிரியருக்கு எழுதுவோம். பிழையில்லையேல் அதையும் எழுதுவோம். தனித்து உழைக்கும் செய்தியாளருக்கு அத்தகைய ஒரு கடிதம் நூறு கைதட்டலுக்கு மேல்.

கைதட்டல் ஓய்ந்த பின்னும் ஏடு நடக்க வேண்டும். அச்சகத்தாருக்கும் எழுதுபவருக்கும் கூலி வேண்டும். அதை வாசகன் கொடாவிட்டால் வேறொருவன் கொடுப்பான். பிறகு எழுதுகோல் அவன் சொன்னபடி நடக்கும். அந்த நாள் வந்த பின், “நல்ல ஏடு கெட்டுவிட்டதே!” என்று புலம்ப நமக்கு உரிமை ஏது?