இரட்டைக் குட்டி ஈனும் செம்மறி: சிறு குடியானவருக்கு லாபமா?

இளையாத்தங்குடி என்றதும் நினைவுக்கு வருவது நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றாகிய அவ்வூர்ச் சிவன் கோயில். ஆனால் சுற்றுவட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்துக்குக் கைகொடுப்பது ஆடுதான். அறுவடை முடிந்த வயலில் மேய்ந்து, இரவில் கிடை கிடந்து, நிலத்துக்கு உரமும் தருவது செம்மறி.

இச்சீமைக்குரிய இராமநாதபுரம் வெள்ளை ஆடு வெயிலைத் தாங்கும், வறட்சியையும் தாங்கும். ஆயினும் பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். பத்துப் பெட்டை வைத்திருப்பவரின் வருமானம் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இரண்டு, மூன்று குட்டிகள் ஈனும் செம்மறி நம் நாட்டிலேயே உண்டு. வங்காளத்துச் சுந்தரவனக் காட்டோரத்தில் வாழும் கரோல் இனம் அது. 1792, 1793-ம் ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஆடுகளின் வழியாகவே அந்நாட்டு ‘பூரூலா’ மெரினோவுக்கு இக்குணம் சென்றது என்று கருதப்படுகிறது. இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2001-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். அதே மாற்றம் கரோலிலும் இருப்பது 2002-ல் வெளியாயிற்று.

கரோல் ஆடு உருவில் மிகச் சிறியது. கண்டபடி கலந்தால் குட்டி கூடும், எடை குறையும். இச்சிக்கலுக்கு வழி கண்டது மகாராஷ்டிரத்தில் பல்டனிலுள்ள நிம்ப்கர் விவசாய ஆராய்ச்சி நிலையம். கரோலின் அந்த ஒரு குணத்தை மட்டும் தக்காணி ஆட்டின் உடலில் சேர்ப்பதே அதன் நோக்கம். கலப்புக் குட்டிகளை மீண்டும் மீண்டும் தக்காணியோடு சேர்த்து, தலைமுறைதோறும் மரபணுவைச் சோதித்தே தேர்ந்தார்கள். ‘நாரி சுவர்ணா’ என்ற ஆடு இவ்வாறு உருவாயிற்று.

சோதனை ஏன் வேண்டும்? கிடா குட்டி போடுவதில்லை. அதைப் பார்த்து இக்குணத்தை அறிய முடியாது. அதன் பெண் குட்டிகள் வளர்ந்து ஈனும்வரை காத்திருக்க வேண்டும். சிறிது இரத்தம் எடுத்துச் சோதித்தால் அந்தக் காத்திருப்பு மிச்சம். மரபணுவின் இரு பிரதிகளும் உடைய கிடாவை உள்ளூர்ப் பெட்டைகளோடு சேர்த்தால், பிறக்கும் குட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி நிச்சயம். ஒரே பிரதியுள்ள கிடாவானால் சுமார் பாதிக் குட்டிகளுக்கே கிட்டும்.

அந்த ஒரு பிரதியே போதும். தாய்க்கு இரண்டு பிரதிகளும் இருந்தால் மூன்று குட்டிகள் பிறக்கலாம். மேய்ச்சலை மட்டும் நம்பிய தாய்க்கு அத்தனை பால் ஏது? பிறந்த குட்டியெல்லாம் லாபமல்ல. பிழைத்து வளரும் குட்டியே லாபம். இரட்டைக் குட்டித் தாய்க்குச் சினைக்காலக் கடைசியிலும் பால் கொடுக்கும்போதும் தனித்தீவனம் தேவை. அதற்கு வழியில்லாதவருக்கு ஒற்றைக் குட்டியே நல்லது.

எனவே பிற இனக் கிடாக்களை இச்சீமையில் எடுத்த எடுப்பில் பரப்புவது அறிவுடைமையாகாது. செட்டிநாட்டில் அரசுக் கால்நடைப் பண்ணை இருக்கிறது. இராமநாதபுரம் வெள்ளையில் ஒரு மந்தையைக் கலப்பின்றிக் காத்துக்கொண்டு, வேறொரு மந்தையில் இம்முறையைச் சோதித்துப் பார்க்கலாம். எத்தனை குட்டி பிறந்தது என்பதோடு, எத்தனை குட்டி பால் மறந்து பிழைத்தது, தீவனச் செலவு போக என்ன மிஞ்சியது என்றும் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கு சரியாக வந்த பிறகு கிடா கிராமத்துக்கு வரட்டும். சோதனையில் நஷ்டம் வந்தால் பண்ணை தாங்கும். பத்து ஆட்டுக்காரர் தாங்க மாட்டார்.