பூட்டு பெயருக்கா, தண்ணீருக்கா?



"ஜாவாவில் ஃபைனல் என்றால் என்ன?" என்று வைவாவில் கேட்டால், "மதிப்பு மாறாது சார்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியாமல் டிப்ளமோவோடு வெளியே போவது ஆபத்து என்பது என் கருத்து.

நம்ம ஏற்காட்டையே எடுத்துக்கொள்வோம். 'ஏற்காடு ஏரி' என்ற பெயர் அந்த ஒரு ஏரியைத்தான் குறிக்கும். நாளைக்கே அந்தப் பெயரை மேட்டூர் அணைக்கு மாற்றி வைக்க முடியாது. ஆனால் தண்ணீர்? மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும். பெயர் நிலையானது, உள்ளே இருப்பது மாறுவது. ஃபைனல் பூட்டுவது பெயரை மட்டும்தான்!

மார்க்ஸ் என்று ஒரு ஃபைனல் அர்ரே இருக்கிறது. அதற்குப் புது அர்ரே ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், கம்பைலர் கத்தும். முதல் இடத்து 35-ஐ 95 ஆக்கிப் பாருங்கள், வாயே திறக்காது! 2015-ல் ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையில் சேர்ந்த கான்ஸ்டும் இப்படித்தான். சி ப்ளஸ் ப்ளஸ் பாயின்டரில் இரண்டு பூட்டு உண்டு. நட்சத்திரக் குறிக்கு முன்னால் கான்ஸ்ட் போட்டால், அந்த பாயின்டர் வழியாக உள்ளே இருப்பதை மாற்ற முடியாது. பின்னால் போட்டால், பாயின்டர் வேறு இடத்துக்கு நகராது.

ஏற்காடு ஏரிக்கு எமரால்டு லேக் என்றும் ஒரு பெயர் உண்டு. எந்தப் பெயரைச் சொல்லி இறைத்தாலும் குறைவது ஒரே தண்ணீர்தானே? அதேபோல, நம் கிளாஸில் உள்ள பிரைவேட் ஃபைனல் அர்ரேலிஸ்ட்டை கெட்டர் அப்படியே தூக்கிக் கொடுத்தால், வாங்கியவர் அங்கே அழித்தது இங்கேயும் போச்சு! பிரைவேட்டும் காப்பாற்றாது, ஃபைனலும் காப்பாற்றாது. 2018-ல் வந்த ஜாவா 10-ல் 'லிஸ்ட் காப்பிஆஃப்' இருக்கிறது. அது தரும் நகலில் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. ஆனால் அதற்குள் இருக்கும் ஆப்ஜெக்ட் மாறக்கூடியது என்றால், அது அப்போதும் மாறும்!

"பரீட்சைக்கு ஒரு வரி போதும்ப்பா" என்பார்கள். பரீட்சைக்குப் போதும். நாளைக்கு நாம் எழுதும் புரோகிராமில் ஒருத்தருடைய மார்க்கோ சம்பளக் கணக்கோ இருக்குமே, அதற்குப் போதுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆகவே நண்பர்களே, ஃபைனல் என்று டைப் அடிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கேளுங்கள்: பூட்டியது பெயரையா, தண்ணீரையா?