"நாங்க ரெண்டு பேர்தான்"



கொஞ்சம் நீளமான பதிவு. வீடு வாங்க இருப்பவர்களும் விற்க இருப்பவர்களும் கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தால் வரட்டும்.

தெஹிவளை, களுபோவில பக்கம் வீடு தேடியவர்களுக்குத் தெரியும், இங்கே வெறும் காணி கிடைப்பது அபூர்வம். விற்பனைக்கு வருவதில் பெரும்பாலானவை பழைய வீடுகள். வாப்பா கட்டியிருப்பார், வாப்பா மௌத்தாகியிருப்பார், பிள்ளைகள் விற்பார்கள். போன வருடம் நாங்களும் அப்படி ஒரு வீடு பார்க்கப் போனோம். 16 பேர்ச் காணி. பள்ளிக்கு மூன்று நிமிட நடை. இரண்டு சகோதரர்கள் அறை அறையாகக் காட்டினார்கள்.

"எத்தனை பேர் பிள்ளைகள்?" என்று கேட்டோம்.

"நாங்க ரெண்டு பேர்தான் சேர்."

அந்த நேரம் தேத்தண்ணி கொண்டு வந்தவர் அவர்களுடைய ராத்தா! விசாரித்தால், சகோதரிகள் மொத்தம் மூன்று பேர். உம்மாவும் ஹயாத்தோடு உள் அறையில் இருக்கிறார்.

"அவங்கள எல்லாம் கட்டிக் குடுத்தாச்சு சேர். அவங்க கணக்குல வரமாட்டாங்க."

யாருடைய கணக்கில் வரமாட்டார்கள்? அல்லாஹ்வுடைய கணக்கில் வருகிறார்கள். சூரா அந்நிஸாவின் 7ஆம், 11ஆம், 12ஆம் வசனங்களை எடுத்துப் பாருங்கள். மனைவி, இரண்டு மகன்மார், மூன்று மகள்மாரை விட்டு ஒருவர் மௌத்தானால், கடனும் வஸிய்யத்தும் போக மிஞ்சுவதில் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி ஏழில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. அந்த 16 பேர்ச்சில் உம்மாவுக்கு 2, மகள்மாருக்குத் தலா 2, மகன்மாருக்குத் தலா 4. பின்னக் கணக்குப் படிக்கும் எந்தப் பிள்ளையும் இரண்டு நிமிடத்தில் செய்துவிடும். தொழுகைத் தழும்பு விழுந்த நமக்குத்தான் இந்தக் கணக்கு வருவதில்லை.

நாட்டின் சட்டத்துடைய கணக்கிலும் அவர்கள் வருகிறார்கள். மரண சாசனம் எழுதாமல் மௌத்தான முஸ்லிமின் சொத்து அவருடைய மத்ஹபின்படியே பிரியும் என்று 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அப்படியானால் அந்த இரண்டு சகோதரர்களும் விற்கக்கூடியது தங்களுடைய 8 பேர்ச்சை மட்டும்தான். மற்றவர்களின் கையெழுத்து இல்லாமல் வாங்கினால், 16 பேர்ச்சுக்குக் காசு கொடுத்துப் பாதியை வாங்குகிறோம். ராத்தாமாரும் உம்மாவும் நம்முடைய கூட்டு உரிமையாளர்களாக அப்படியே இருப்பார்கள். நாளை அவர்களில் ஒருவரோ அவர்களுடைய பிள்ளைகளோ பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், கோட்டு வாசலில் நிற்கப் போவது நாம்தான்.

ஆனால் நாம் எழுத வந்தது நம்முடைய நட்டத்தைப் பற்றி அல்ல. நம்முடைய பாவத்தைப் பற்றி.

வீடு பார்க்கப் போனால் நாம் எதையெல்லாம் கேட்கிறோம்? பாங்கு கேட்குமா? டொய்லட் கிப்லாவைப் பார்த்திருக்கிறதா? மழைக்குத் தண்ணீர் நிற்குமா? வங்கியில் எடுத்தால் வட்டி கலக்குமா என்று மூன்று மௌலவிமாரிடம் ஃபத்வா கேட்கிறோம். "ராத்தாவுக்குப் பங்கு போயிற்றா?" என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. வட்டிக்குப் பயப்படுகிற நமக்கு, ஒரு பெண்ணின் பங்கின் மேல் கட்டில் போட்டுப் படுக்கப் பயமில்லை.

கேட்டால் மூன்று பதில் வரும்.

ஒன்று, "சீதனம் குடுத்தாச்சு." வாப்பா ஹயாத்தில் கொடுத்தது அன்பளிப்பு. மீராஸ் என்பது அவர் மௌத்தானதும் அல்லாஹ் கொடுப்பது. ஒன்றைக் காட்டி மற்றதை வெட்ட நாம் யார்? மகனுக்கு வாப்பா கடை வைத்துக் கொடுத்தாரே, அதை யாராவது அவனுடைய பங்கில் கழித்தார்களா?

இரண்டு, "அவ வாயால வேணாம்னு சொல்லிட்டா." 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, இந்த நாட்டில் காணி வாய்ச் சொல்லால் கை மாறாது. நொத்தாரிசு வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். அதை விடுங்கள். அவர் எப்போது வேண்டாம் என்றார்? எவ்வளவு வேண்டாம் என்றார்? வீடு என்ன விலைக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியுமா? விலையும் தன் பங்கும் தெரிந்து, மனதார ஒரு பெண் தம்பிமாருக்கு விட்டுக்கொடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை. கேட்டால் நாளைக்கு உம்மா வீட்டு வாசல் மூடிவிடும் என்ற பயத்தில் வைக்கும் கையெழுத்துக்குப் பெயர் விட்டுக்கொடுப்பு அல்ல.

மூன்றாவதுதான் நம்முடைய பதில்: "அது அவங்கட குடும்பப் பிரச்சினை, நமக்கென்ன?"

நமக்குத்தான் எல்லாம். உறுதி எழுதும் நாள் வரை காசு நம்முடைய கையில் இருக்கிறது. அந்தச் சகோதரர்களுக்கு குத்பாவில் சொன்னால் கேட்கமாட்டார்கள். காசை வைத்துக்கொண்டு நாம் கேட்டால் கேட்டே ஆகவேண்டும். காசு கை மாறிய பிறகு அந்த ராத்தாவுக்காகப் பேச ஊரில் ஆள் இல்லை.

ஆகவே வீடு வாங்குபவர்களிடம் நாம் கேட்பது இவ்வளவுதான். அட்வான்ஸ் கொடுக்குமுன் மௌத்தானவரின் வாரிசுகள் எல்லோருடைய பெயரையும் எழுதி வாங்குங்கள். உம்மாவின் பெயரையும் சேர்த்து. சகோதரிகளோடு நேரடியாக, வீட்டுப் பெண்களை அனுப்பியாவது, பேசுங்கள். விலையைச் சொல்லுங்கள். நொத்தாரிசின் மேசையில் ஒவ்வொருவருடைய பெயருக்கும் தனித்தனியாகக் காசோலை எழுதுங்கள். மூத்த நானாவின் கையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு "அவர் பிரிச்சுக் குடுப்பார்" என்று கையைக் கழுவாதீர்கள். வயதான உம்மா இனி எங்கே இருப்பார் என்றும் கேளுங்கள்.

பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. ஜனாஸாவுக்குக் குழி வெட்ட ஏற்பாடு செய்கிறீர்கள். அந்தக் குடும்பத்தை ஒரு மாதத்துக்குள் கூப்பிட்டு, ஒரு ஆலிமை வைத்து, யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க முடியாதா? அந்தத் தாளின் ஒரு பிரதி மகள்மாருடைய கையிலும் இருக்கட்டும்.

நாங்கள் அந்த ராத்தாவின் போன் நம்பரைக் கேட்டோம். புரோக்கருக்கு முகம் மாறிவிட்டது. "சேர், வீடு வாங்க வந்தீங்களா, வழக்குப் பேச வந்தீங்களா?" என்றார். அடுத்த வாரமே வீடு வேறொருவருக்குப் பேசி முடிந்தது. வாங்கியவரும் நம்மவர்தான். முதல் ஸஃப்பில் தொழுபவர்.

நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். பள்ளிக்குப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். நடக்கிறோம்.

உங்கள் வாப்பாவின் வீட்டில் உங்கள் ராத்தாவுக்கு எத்தனை பேர்ச்? பதிலை இங்கே எழுத வேண்டாம். அவருக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள்.