டப்பா எடுத்துட்டு வர்றவங்களைப் பற்றி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவங்க பொறுமையாகப் படிங்க.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி அன்னதானம் முடிஞ்சு அண்டா கழுவிக்கிட்டு இருந்தோம். நிர்வாகத்தில் ஒருத்தர் வந்து, "அடுத்த வாரத்திலிருந்து பார்சல் கிடையாதுன்னு போர்டு வைக்கப் போறோம்"னு சொன்னார். ஏன்னு கேட்டேன். "வேலைக்குப் போறவங்களே டப்பா தூக்கிட்டு வர்றாங்க. இது ஏழைங்களுக்குச் சேர வேண்டிய சாப்பாடு இல்லையா?" என்றார். அவர் மேல எனக்குக் கோபம் கிடையாது. இந்தக் கோயிலுக்கு அவர் உழைச்சது எனக்குத் தெரியும். ஆனா வேலைக்குப் போறவங்க ஏழையாக இருக்க முடியாது என்கிற அந்தக் கணக்குதான் எனக்கு இடிக்குது.

வரிசையில் நிற்பவர்களை நான் கரண்டிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிறேன். முன்னே வயசானவங்க, தனியாக இருக்கிறவங்கதான் அதிகம். இப்போ ராத்திரி ஷிஃப்டுக்குப் போற செக்கூரிட்டி அங்கிள் யூனிஃபார்மோடு வர்றார். ரைடர் பையன்கள் ஹெல்மெட்டைக் கையில் பிடிச்சுக்கிட்டு, போன்ல ஆர்டர் அடிக்குதான்னு பார்த்துக்கிட்டே நாலு வாய் சாப்பிட்டு ஓடுறாங்க. பேரங்காடியில் துப்புரவு வேலை செய்யும் ஓர் அக்கா, ரெண்டு டப்பாவைத் துணிப்பைக்குள்ள மறைச்சு வச்சுக்கிட்டு, கூட்டம் குறையட்டும்னு தூண் ஓரமா நிற்பாங்க.

அந்த அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் இந்தக் கணக்கை எழுதறேன். பேர் வேண்டாம்.

குத்தகை கம்பெனியில் குறைந்தபட்சச் சம்பளம், 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் 1,500லிருந்து ஏறியதே, அதுதான். இ.பி.எஃப். 11 சதவீதம் 187 வெள்ளி போகும். சொக்சோவும் வேலை காப்புறுதியும் பிடிச்சா கையில் நிற்பது 1,500. செந்தூலில் பழைய அடுக்குமாடி, ரெண்டு ரூம், வாடகை 850. கரண்ட், தண்ணி 100. பஸ், ரயிலுக்கு மை50 பாஸ் 50. ரெண்டு பிள்ளைகளுக்கு ஸ்கூல் வேன் 160. போன் 60. மிச்சம் 280. ஒரு மாசத்துக்கு, மூணு பேருக்கு. ஒரு நாளைக்கு 9 வெள்ளி சொச்சம் வருது. காய்ச்சல் வரக் கூடாது, செருப்பு அறுந்து போகக் கூடாது, ஸ்கூல்ல எதுக்கும் காசு கேட்கக் கூடாது. எஸ்.டி.ஆர். காசு வரும் மாசம் மட்டும் கொஞ்சம் மூச்சு விடுவாங்களாம்.

அவங்க வாரத்துக்கு ஆறு நாள் வேலைக்குப் போறாங்க. இவங்களைத்தான் நாம் போர்டு வச்சுத் தடுக்கப் போறோமா?

"எங்க அப்பா காலத்துல இதைவிடக் குறைஞ்ச சம்பளம், நாங்க கை நீட்டலையே"ன்னு ஒரு பெரியவர் சொன்னார். உண்மைதான் ஐயா. ஆனா உங்க அப்பா ரயில்வே பட்டறையில் வேலை செஞ்சார். குவாட்டர்ஸ் இருந்துச்சு. தோட்டத்தில் இருந்தவங்களுக்கும் சம்பளம் கொஞ்சம்தான். இருந்தாலும் லயத்து வீடு இருந்தது, பின்னாடி நாலு முருங்கை, ரெண்டு கோழி இருந்தது. வேலை போனா வீடும் போகும் என்ற பயம் அப்பவும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனா மாசம் பொறந்தா சம்பளத்தில் பாதியை வாடகைக்கு எடுத்து வைக்கும் நிலை இல்லை. இன்னைக்குப் பட்டறையும் செந்தூலை விட்டுப் போயிடுச்சு. சுத்தி காண்டோ எழும்பிடுச்சு. பி.பி.ஆர். வீடு கிடைச்சா மாச வாடகை 124 வெள்ளிதான். கிடைக்கணுமே! அந்த அக்கா மனு போட்டுட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க.

விலை ஏறுவது நம்ம சமையல் கட்டுக்கே தெரியும். 2023இல் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தி, புழுங்கல் அரிசிக்கு 20 சதவீதம் வரி போட்டது. அதே வருஷம் செப்டம்பரில் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200க்கு ஏறியது. அப்போ உபயகாரர்களிடம் கூடக் கொஞ்சம் கேட்டு நாம் சமாளிச்சோம். வீட்டில் சமைக்கிறவங்க யாரிடம் போய்க் கேட்பாங்க?

சரி, நிர்வாகம் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கு. காரில் வந்து இறங்கி, அஞ்சு பார்சல் வாங்கிட்டுப் போறவங்களை நானும் பார்த்திருக்கேன். ஒரு தடவை கடைசியில் வந்த பாட்டிக்கு வெறும் ரசம்தான் மிஞ்சியது. எனக்கே வெட்கமாகப் போச்சு. அதனால் என் யோசனை இது: ஒன்பது மணி வரைக்கும் உட்கார்ந்து சாப்பிடுறவங்களுக்கு மட்டும். அதுக்குப் பிறகு இருப்பதை டப்பாவில் போட்டுக் கொடுப்போம். யார், என்ன வேலை, எவ்வளவு சம்பளம்னு ஒரு கேள்வியும் வேண்டாம். போர்டும் வேண்டாம். காரில் வர்றவர் அப்பவும் வருவார். வரட்டும். அவரைத் தடுக்கப் போய் தூண் ஓரமா நிற்கும் அக்காவைத் துரத்தினா, நஷ்டம் நமக்குத்தான்.

இன்னொன்றும் சொல்லணும். சிலருக்கு இது கசக்கும். திருவிழா வந்தா மலர் அலங்காரத்துக்கு உபயம் எடுக்கப் போட்டி. எனக்கும் அலங்காரம் பிடிக்கும், முருகனை அப்படிப் பார்த்தா கண்ணை எடுக்க முடியாது. ஆனா நம்ம பிள்ளைகள் பாரம் நிரப்பத் தெரியாமல் விட்டுவிடும் காசைப் பற்றி யாரும் பேசறதில்லை. 2025 ஆகஸ்டு 31லிருந்து 18 வயசுக்கு மேற்பட்ட எல்லாக் குடிமக்களுக்கும் மைகார்டில் 100 வெள்ளி வந்ததே, அதை எந்தக் கடையில் எப்படிப் பயன்படுத்துறதுன்னு டிசம்பர் வரைக்கும் என்னிடம் கேட்டவங்க இருக்காங்க.

ரைடர் தம்பிகள் கதை இன்னும் மோசம். ஒரு பையன் மழையில் விழுந்து கால் உடைஞ்சு ரெண்டு மாசம் வீட்டில். வருமானம் பூஜ்யம், மோட்டார் தவணை மட்டும் நிற்கலை. சொக்சோவில் சொந்தத் தொழில் செய்பவர்களுக்குத் தனித் திட்டம் இருக்கு, 2017லேயே சட்டம் வந்துடுச்சு. அவன் பதியலை. "எனக்கு யாரும் சொல்லலைண்ணே" என்றான். வெள்ளிக்கிழமை தவறாமல் நம்ம கோயிலுக்கு வர்ற பையன். நானும்தான் சொல்லலை. 2025இல் கிக் தொழிலாளர் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கு, நல்லது. அதுக்காக நாம் கையைக் கட்டிக்கிட்டு உட்கார முடியாது. இ.பி.எஃப்.பில் ஐ-சாரான் என்று ஒன்று இருக்கு. சம்பளச் சீட்டு இல்லாதவங்க தாங்களே போடும் காசுக்கு அரசாங்கம் 20 சதவீதம் சேர்த்துப் போடும், ஒரு வருஷத்துக்கு 500 வெள்ளி வரைக்கும். மாசம் 50 போட்டா வருஷத்துக்கு 120 கூட வரும். பெரிய காசு இல்லைதான். ஆனா கோவிட் நேரத்தில் இ.பி.எஃப்.பை வழிச்சு எடுத்துட்டு, இப்போ கணக்கில் ஒன்றும் இல்லாமல் நிற்கும் 50 வயசுக்காரங்களை எனக்குத் தெரியும். அவங்களுக்கு அது காசுதான்.

பார்சல் விஷயத்தை வர்ற ஞாயிறு கூட்டத்தில் எழுப்பப் போறேன். டப்பாவுக்கு ஆதரவா கை தூக்குறவங்க கொஞ்சம் சீக்கிரமா வந்து உட்காருங்க. அதோட வியாழன் ராத்திரி எட்டு மணிக்குப் பின்மண்டபத்தில் ரெண்டு மேசை போடறேன், தலைவர் சரின்னுட்டார். மலாய் பாரம் நிரப்பத் தெரிஞ்ச தம்பி தங்கைகள் நாலு பேர் வேணும், லேப்டாப் இருந்தா இன்னும் நல்லது. வர்றவங்களை மைகார்டும் போனும் மறக்காமல் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. டீயும் கடலையும் இருக்கும்.