அச்சேறுமுன் ஒரு கேள்வி

கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. மண்டபம் நிறையும், தனவந்தர் ஒருவர் முதற்பிரதியைப் பெறுவார், வாழ்த்துரைகள் நீளும். மகிழத்தக்கதே. ஆயினும், அந்நூலின் கையெழுத்துப் பிரதியை அச்சகம் செல்லுமுன் துறையறிந்த ஒருவர் படித்துக் கேள்வி கேட்டாரா என்று எவரும் வினவுவதில்லை.

ஓர் உதாரணம் காண்போம். கண்டியரசன் செனரத் 1626இல் 4000 முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது நம் ஊர் வரலாறுகளில் அடிக்கடி காணும் செய்தி. அத்தொகைக்கு ஆதாரம் யாது? போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் கோவாவிலிருந்து எழுதி 1687இல் முடித்த நூல். நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே அறுபது ஆண்டுகள்! அதனைச் சுட்டாது தொகையை மட்டும் எடுத்தாளும் நூல், மாணவனுக்கு வரலாற்றைத் தருவதில்லை. கேள்விச் செய்தியையே தருகிறது.

இக்குறைக்கு மருந்து ஆய்வுப் பதிப்பகங்களின் முறையில் உண்டு. வந்த பிரதியைப் பதிப்பாசிரியர் படித்துத் தகுதி கண்டபின், துறைவல்லார் இருவருக்கு அனுப்புவார். அவர்கள் யாரென நூலாசிரியர் பெரும்பாலும் அறியார்; ஆதலின் முகதாட்சணியத்துக்கு இடமில்லை. அவர்தம் ஐயங்களுக்கு விடையளித்து ஆசிரியர் பிரதியைத் திருத்துவார். அதன்பின்னரே பதிப்புக்குழுவின் இசைவு. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தில் அறிஞர் குழு ஒப்பினாலன்றி ஆய்வுநூல் எதுவும் வெளிவராது. பின்னர் மொழிச் செம்மை, மேற்கோள் சரிபார்ப்பு, மெய்ப்புத் திருத்தம், சொல்லடைவு என ஓராண்டோ ஈராண்டோ கழியும்.

"இத்துணைப் பொறுமை நமக்கேது?" என்பர் சிலர். நம் கரைக்கு அது புதிதன்று. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' பல்லாண்டு ஆய்வின் பின்னரே 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழி வெளிவந்தது. மௌனகுரு, சித்திரலேகா, நுஃமான் மூவரும் எழுதிய 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்' என்னும் நூலை 1979இல் வெளியிட்டது கல்முனை வாசகர் சங்கமே. மூவர் கூடி எழுதுமிடத்து, ஒருவர் எழுத்துக்கு மற்றவர் பரிசோதகராதல் இயல்பன்றோ?

இன்று ஒலுவிலில், 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு; துறையறிந்தோர் அருகிலேயே உளர். எழுதுவோர் விழாவுக்கு நாள் குறிக்குமுன் பிரதியை இருவரிடம் கொடுக்கட்டும். அவ்விருவருள் ஒருவராவது நண்பரல்லாதவராக இருக்கட்டும். விழாவன்று கிடைக்கும் புகழைவிட, முன்னரே கிடைத்த அக்கேள்வியே நூலை நெடுநாள் வாழ்விக்கும்.