கருவியும் கையும்

வகுப்பறைக் கதவருகே உள்ள சுவிட்சுப் பலகையில் எட்டோ பத்தோ சுவிட்சுகள் ஒரே நிறத்தில், ஒரே வடிவில், ஒரே வரிசையில் நிற்கும். எது எந்த விளக்குக்கு, எது எந்த மின்விசிறிக்கு என்பதை அப்பலகை சொல்வதில்லை. சன்னலோர விளக்கை மட்டும் அணைக்க விரும்பும் மாணவர் ஒன்றை அழுத்துகிறார்; ஆசிரியரின் தலைக்கு மேலுள்ள விசிறி நிற்கிறது. இன்னொன்றை அழுத்துகிறார், கடைசி வரிசை இருள்கிறது. வகுப்பு சிரிக்கிறது. எல்லாவற்றையும் மீண்டும் இயக்கிவிட்டு அவர் இருக்கைக்குத் திரும்புகிறார். வெயில் விழும் சன்னலருகே விளக்கு பகலெல்லாம் எரிகிறது. ‘மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துக’ என்னும் வாசகம் அப்பலகைக்கு மேலேயே ஒட்டப்பட்டிருப்பதும் உண்டு.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அணைக்க வேண்டும் என்னும் எண்ணம் மாணவருக்கு இருந்தது. அதற்கு வழிவிடாதது பலகையே. கருவிக்கும் மனிதருக்கும் இடையே நிகழும் கொடுக்கல் வாங்கலைச் செம்மைப்படுத்துவதை ஊடாட்ட வடிவமைப்பு என்பர். அன்றாடப் பொருள்களின் அமைப்பைப் பற்றி அமெரிக்க அறிஞர் டொனால்டு நார்மன் 1988ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். கதவு, அடுப்பு, சுவிட்சு போன்றவற்றில் மக்கள் தடுமாறினால் அவர்களைக் குறைகூறாமல் பொருளின் அமைப்பை ஆராய வேண்டும் என்பது அவரது வாதம். அறையில் விளக்குகள் இருக்கும் ஒழுங்கிலேயே சுவிட்சுகளும் அமைந்தால் கை தேட வேண்டியதில்லை. கட்டடம் எழும்பும்போதே எண்ணிப் பார்த்தால் இதற்குப் பெருஞ்செலவும் இல்லை.

குளிரூட்டியின் கதை இன்னும் சுவையானது. வெயிலில் வந்தவர் விரைவில் குளிரட்டும் என்று 18 பாகையில் வைக்கிறார். தண்ணீர்க் குழாயை அகலத் திறந்தால் குடம் விரைவில் நிறைவதுபோல இதுவும் என்பது அவர் கணிப்பு. ஆனால், இன்வெர்ட்டர் வகையைச் சேராத குளிரூட்டியில் கம்ப்ரசர் முழு ஆற்றலுடன் ஓடும் அல்லது நிற்கும், இடைநிலை இல்லை. 18இல் வைத்தாலும் 24இல் வைத்தாலும் அறை ஒரே வேகத்தில்தான் குளிர்கிறது. 18இல் வைத்தால் அது ஓய்வதற்குத்தான் நெடுநேரமாகிறது. கையிலுள்ள ரிமோட்டோ ஓர் எண்ணைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது.

இந்நிலையில், நட்சத்திரக் குறியீடு பெற்ற அறைக் குளிரூட்டிகள் இயங்கத் தொடங்கும்போது 24 பாகையில் நிற்க வேண்டும் என்னும் விதி 2020 சனவரி முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என எரிசக்தித் திறன் பணியகம் மதிப்பிடுகிறது. விரும்புவோர் வெப்பநிலையைக் குறைத்துக்கொள்ளத் தடையில்லை. தொடக்க அமைப்பை மாற்ற முனைவோர் எங்கும் சிலரே என்பதால், எவரையும் கட்டாயப்படுத்தாத அந்த எண் நூறு சுவரொட்டிகளைவிட வலியது.

சிக்கனத்திற்காகச் செய்யப்படும் எல்லா வடிவமைப்பும் நல்லதன்று. ஆள் அசைந்தால் எரியும் விளக்கு, அமைதியாக அமர்ந்து படிப்பவரை இருளில் விட்டால், அவர் அதன் உணரியையே செயலிழக்கச் செய்துவிடுவார். பின்பு அது இரவும் பகலும் எரியும். மனிதரின் வசதியோடு மோதும் சிக்கனம் நீடிப்பதில்லை.

இன்னும் தீராத குறை மின்னளவியில் இருக்கிறது. பானையில் அரிசி குறைவது கண்ணுக்குத் தெரிகிறது. இல்லத்தரசி அளந்து எடுக்கிறார். வண்டியில் எரிபொருள் குறைவதை முள் காட்டுகிறது. மின்சாரமோ ஓசையின்றிச் செலவாகிறது. வாசலிலோ மாடிப்படியின் கீழோ பொருத்தப்பட்ட அளவி, மொத்த அலகுகளை மட்டும் காட்டும். தமிழ்நாட்டு வீடுகளில் கணக்கெடுப்பு இரு மாதங்களுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. தொகை கூடியிருப்பதைக் கண்டு குடும்பத்தினர் ஒருவரையொருவர் பார்க்கின்றனர். அது குளிரூட்டிக்கு உரியதா, தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு உரியதா, பழைய குளிர்பதனப் பெட்டிக்கு உரியதா என்பதை அந்த அளவியைக் கொண்டு அவர்களால் சொல்ல இயலாது.